பிளானில் இல்லாத கரை: பினாங்குத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தில் இயங்கும் ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் நலச் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். நன்கொடை கேட்கவில்லை, மேடையும் கேட்கவில்லை. ஆண்டுக்கு நான்கு முறை, கடல் நன்றாக வற்றும் நாளில், உங்கள் அமைப்பிலிருந்து பத்துப் பேர், அரைநாள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கரையில் ஒரு துண்டை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன முளைத்திருக்கிறது, என்ன ஊர்கிறது, எது எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று அளந்து குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். வேண்டியது இவ்வளவுதான். ஏன் நாம் செய்ய வேண்டும், ஏன் இப்போதே செய்ய வேண்டும் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் நில அளவைத் தொழிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மனைகளுக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறேன், தோட்டங்களைத் துண்டு போட்ட பிளான்கள் வரைந்திருக்கிறேன். அந்தத் தொழிலில் கடற்கரைக்கு வரும்போது நாங்கள் நின்றுவிடுவோம். கடல்நீர் ஏறி வற்றுவதை ஓதம் என்போம். தேசிய நிலச் சட்டம் கரைக்கோடு என்று சொல்வது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் நீர் ஏறி நிற்கும் கோட்டை. நிலத்தின் பிளான் அங்கே முடிந்துவிடும். கடலை அளப்பவர்கள் வேறு ஆட்கள். கப்பல் தரை தட்டக் கூடாது என்பது அவர்கள் கவலை. அதனால் மிகவும் வற்றிய நீர்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறார்கள். தீபகற்பத்தில் நிலத்தின் உயரத்துக்கோ பூஜ்யம் வேறு: கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பதிவான நீர்மட்டங்களின் சராசரி. ஆக இரண்டு துறைகள், இரண்டு பூஜ்யங்கள், இரண்டு வரைபடங்கள். நடுவில் இருக்கும் பட்டை நிலத்தின் பிளானிலும் ஒழுங்காக இல்லை, கடலின் படத்திலும் ஒழுங்காக இல்லை.

அந்தப் பட்டை சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கு நீரிணையில் பெரிய ஓத நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கும். செங்குத்தான பாறைக் கரையில் அது ஒரு பொருட்டே இல்லை. சேற்றுக் கரை அப்படியல்ல. ஐந்நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் நீர் வற்றினால் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை வெளியே வரும். செபராங் பிறையின் வடக்குக் கரையில் வற்றம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கடல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

வெளியே வரும் அந்தத் தரைக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது, சொந்தக்காரரும் இருக்கிறார். அது மாநில அரசு நிலம். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருக்கும் நிலத்தையே கடல் உள்ளே வந்து மூடிவிட்டால், மூடிய பகுதி கிராண்டிலிருந்து விலகி அரசு நிலமாகிவிடும் என்றும் சட்டம் சொல்கிறது. உரிமை விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறோம். அந்த நிலத்தின் மேல் என்ன வாழ்கிறது என்பதற்கு மட்டும், எல்லாரும் திறந்து பார்க்கும்படியான ஒரே கணக்கு நம்மிடம் இல்லை.

கணக்கு இல்லாத நிலத்துக்கு என்ன நடக்கும் என்று நம் சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறும்போது நான் பிளான் வரைந்திருக்கிறேன். லயங்கள் பிளானில் இருக்கும், ஆலை இருக்கும், மானேஜர் பங்களா இருக்கும். மூன்று தலைமுறை கும்பிட்ட முனியாண்டி கோயில் இருக்காது. அதற்கு லொட் நம்பர் கிடையாது. புதிய உரிமையாளர் பிளானை விரித்து, இங்கே ஒன்றுமில்லையே என்று கேட்கும்போது நம்மவர்கள் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. அப்புறம் மனு, பேச்சுவார்த்தை, மாற்று இடம். வற்றும் கரையில் இருக்கும் சேறும் புல்லும் அலையாத்தி என்ற சதுப்புக் காடும் இன்று அந்தக் கோயில் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன. திட்ட வரைபடத்தில் அந்தப் பகுதி வெறும் வெள்ளையாக இருக்கும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் கோடு போடுவது எவருக்கும் சுலபம்.

அந்த வெள்ளையில் உண்மையில் என்ன இருக்கிறது? முதல் பாலத்தில் தீவுக்குப் போகும்போது, கடல் நன்றாக வற்றிய நாளாக இருந்தால், ஜெலுத்தோங் பக்கம் நடுக்கடலில் ஒரு திட்டு தெரியும். மிடில் பேங்க் என்கிறார்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடற்புல் வளரும் திட்டு அது. தீபகற்ப மலேசியாவில் ஜொகூருக்கு அடுத்தபடியாக இதுவே பெரிய கடற்புல் பரப்பு என்று சொல்வார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையம் இதைப் பற்றி ஆராய்ந்து வந்திருக்கிறது. இதைக் காப்பகமாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் பழையது. தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் அந்தப் பக்கமாகப் போகின்றன. அங்கே புல் இருக்கிறது என்று தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. அங்கே அதிகமாகக் காணப்படும் புல்லின் இலை நீளமாக இருக்காது. கட்டைவிரல் நகம் போல முட்டை வடிவம், நடுவில் ஒரு நரம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும் மெல்லிய கோடுகள். நூல் போன்ற தண்டு சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும். கணுவுக்குக் கணு இரண்டிரண்டு இலை மேலே எட்டிப் பார்க்கும். கையால் தடவினால் சேறு ஒட்டும், புல் பெயராது. அந்தத் தண்டுதான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குள்ளே குட்டி நண்டு, சிப்பி, கடல் சாமந்தி, இறால் குஞ்சு. இலை அவ்வளவு சிறியது என்பதால் நீர் மூடியிருக்கும்போது படகிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மலாக்கா நீரிணையின் கலங்கல் நீரில் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. வற்றும்போது மனிதர்கள் போனால்தான் உண்டு.

வடக்கே தெலுக் ஆயிர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை போகும் கரை இன்னொரு வகை. அங்கே புல் முக்கியமில்லை. சேறும் அதன் ஓரத்து அலையாத்திக் காடும்தான் சொத்து. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போய்வரும் உள்ளான், கோட்டான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் வழியில் இறங்கித் தின்னும் இடம். உலகிலேயே அரிதாகிவிட்ட நார்ட்மன் பச்சைக்காலி என்ற பறவை இங்கே வருகிறது. அனைத்துலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இந்தக் கரையை முக்கியப் பறவைப் பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. வற்றும்போது அந்தப் பறவைகள் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை சிதறி மேயும். அதனால் அவற்றை எண்ணுவது ஏறும் ஓதத்தில். நீர் ஏற ஏறப் பறவைகள் பின்வாங்கிக் கரைக்கு அருகே ஒரே கூட்டமாக ஒதுங்கும். அந்த அரைமணி நேரம்தான் எண்ணிக்கைக்கு. எங்கே ஒதுங்குகின்றன என்பதும் முக்கியம். மேயும் சேற்றை மட்டும் காப்பாற்றி, ஒதுங்கும் மேட்டை மண் கொட்டி நிரப்பிவிட்டால் பறவைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டும் வரைபடத்தில் இருந்தால்தான் ஒன்றை விட்டு ஒன்றை அழிக்க முடியாது.

தீவின் தென்கரை பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று செயற்கைத் தீவுகளாகத் தொடங்கிய திட்டம் 2023-இல் ஒரே தீவாகச் சுருக்கப்பட்டு, சுமார் 2,300 ஏக்கரில் சிலிக்கான் தீவு என்ற பெயரில் கடலை நிரப்பும் வேலை அதே ஆண்டு தொடங்கியது. தெலுக் கும்பார், பெர்மாத்தாங் டாமார் லாவுட் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று இந்த மடலில் நான் வாதிடப் போவதில்லை. எனக்கு ஒரு கருத்து உண்டு, அது வேறு நாளைக்கு. இங்கே சொல்ல வேண்டியது, அந்த விவாதம் முழுக்க யாருடைய அளவையை வைத்து நடந்தது என்பது. நம் நாட்டு முறைப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைச் செய்யும் நிபுணர்களை நியமிப்பது திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கம் வரும். பொதுமக்கள் பார்வைக்குச் சில வாரங்கள் வைப்பார்கள். அந்தச் சில வாரங்களில் ஒரு மீனவரோ ஒரு ஆசிரியரோ கடலுக்குப் போய் அளந்து, இல்லை, இந்த இடத்தில் புல் இருக்கிறது என்று காட்ட முடியுமா? முடியாது. முன்பே அளந்து வைத்தவருக்குத்தான் அப்போது வாய் இருக்கும்.

பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததில் நான் போய்ப் பார்த்தவற்றில், நிலப் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டமானாலும் தாக்க அறிக்கையானாலும், தமிழர் அமைப்பு ஒன்றின் பெயரில் கருத்து மடல் போனதை நான் பார்த்ததில்லை. கோயில் நிலம், பள்ளி நிலம் என்றால் திரண்டு போகிறோம். போகத்தான் வேண்டும். கரை என்று வரும்போது அது மலாய் மீனவர்களின் விஷயம், சீன மீனவர்களின் விஷயம், படித்த பசுமை ஆர்வலர்களின் விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் மாசி மகத்துக்குத் தெப்பத்தில் ஏறிக் கடலில் போகிறாள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன் வேலை செய்த நிலத்தின் மறுகரை அலையாத்திக் காடு. பைராம் தோட்டத்தின் பெயரும் அங்கிருக்கும் வனக் காப்பகத்தின் பெயரும் ஒன்றே. கரை நமக்கு அந்நியம் என்று எந்த வாயால் சொல்வது?

நமக்குத்தான் ஆயிரம் பிரச்சினை இருக்கிறதே, வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு, இதில் சேற்றை வேறு அளக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கரை போனால் முதலில் அடி வாங்குவது யார் என்று பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த நாட்டில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் பினாங்கில் இறந்தார்கள். தாழ்வான கரையோரத்தில் மலிவு வீடுகளில் இருப்பவர்கள் யார் என்று உங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் தெரியும். கடல் ஏறினால் வாய்க்கால் வழியாக முதலில் நுழைவது அந்த வீடுகளுக்குள்தான்.

சரி, அளப்பது எப்படி? நீங்கள் நினைப்பதைவிட எளிது, அதே சமயம் ஒழுங்கு அதிகம் வேண்டும்.

கடற்புல்லுக்கு உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் பின்பற்றும் சீகிராஸ் வாட்ச் முறை ஒன்று இருக்கிறது. ஐம்பது மீட்டருக்கு ஐம்பது மீட்டர் இடம். அதில் ஐம்பது மீட்டர் நீளத்துக்கு மூன்று அளவுநாடாக் கோடுகள், ஒன்றுக்கொன்று இருபத்தைந்து மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு கோட்டிலும் ஐந்து மீட்டருக்கு ஒருமுறை, அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைக்க வேண்டும். பூஜ்யத்திலும் ஐம்பதிலும் சேர்த்து ஒரு கோட்டுக்கு 11 சட்டம், மொத்தம் 33. சட்டத்துக்கு மேலே நேராக நின்று ஒரு படம். பிறகு அதற்குள் எத்தனை சதவீதம் புல், என்னென்ன இனம், இலை எவ்வளவு உயரம், தரை மணலா சேறா, பாசி படிந்திருக்கிறதா, என்னென்ன உயிரினம் என்று படிவத்தில் எழுத வேண்டும். சட்டத்தைப் பிவிசி குழாயில் செய்துகொள்ளலாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், செலவு ஒன்றுமில்லை. கஷ்டமான பகுதி சதவீதம் சொல்வது. ஒருவர் நாற்பது என்பார், பக்கத்தில் நிற்பவர் அறுபது என்பார். அதற்கென்று மாதிரிப் படங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக் கரையிலேயே எல்லாரும் ஒரே சட்டத்தைப் பார்த்துத் தனித்தனியாக எழுதி, ஒத்து வரும் வரை பழக வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இது வெகு சீக்கிரம் கைவரும். அவர்கள் கண் கூர்மை, அவசரப்பட்டுப் பெரிய எண்ணாகச் சொல்லும் பழக்கமும் இன்னும் வரவில்லை.

அலையாத்திக் காட்டில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். பக்காவ் என்று நாம் சொல்லும் சுரபுன்னைக்கு மட்டும் கணக்கு வேறு. அது தாங்குவேர்களின் மேல் நிற்பதால், மேல்வேர் தொடங்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் மேலே அளக்க வேண்டும். காட்டுக்குப் பெயர் தந்த அலையாத்தி மரம் என்றால் சுற்றிலும் பென்சில் போல மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். மிதிக்காமல் நடக்கப் பழக வேண்டும். சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் இந்தக் காடுகளில் வளரும் மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய உபத்திரவம். பக்திக்காக யாரும் கிளையை ஒடிக்க வேண்டாம். மரங்களைவிட முக்கியமாகக் கன்றுகளை எண்ணுங்கள். பெரிய மரங்கள் மட்டும் இருந்து கன்றே இல்லாத காடு, பிள்ளைகள் இல்லாத பள்ளி மாதிரி வெளியே நன்றாகத்தான் தெரியும்.

இவற்றோடு கரையின் ஓரத்தையும் வரைய வேண்டும். பாறையா, மணலா, சேறா, காங்கிரீட் சுவரா, கல் அடுக்கிய தடுப்பா என்று கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நடந்து, மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி. திறந்த வெளியில் கைப்பேசி சில மீட்டர் பிழையோடு இடம் சொல்லும். மரக்கூட்டத்துக்குள் பிழை கூடும். எனவே படிவத்தில் புள்ளியோடு அடையாளமும் எழுதுங்கள்: எந்த வாய்க்கால் வாய், எந்தத் தூண், எந்தக் கோயில் கொடி. பத்து ஆண்டு கழித்து வருபவர் அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, நீண்ட பதில் சொல்ல விரும்புகிறேன். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1972-இல் தொடங்கியது. பழைய படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்டினல் 2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் 2015 முதல் பத்து மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகிறது. இவற்றை வைத்து உலகம் முழுவதும் ஓதச் சேற்றுத்தரைகளை வரைந்த ஆராய்ச்சியாளர்கள், 1984-க்கும் 2016-க்கும் இடையே நல்ல தரவு கிடைத்த பகுதிகளில் 16 விழுக்காடு அழிந்துவிட்டது என்று கண்டார்கள். இவ்வளவு பெரிய கணக்கு கால்நடையாகப் போய் வராது. ஆனால் லேண்ட்சாட்டின் ஒரு கட்டம் 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். சென்டினலின் கட்டம் 100 சதுர மீட்டர். நம் கரையோரத்தில் பல இடங்களில் அலையாத்தி ஐந்து மரம் அகலத்துக்கு ஒரு வரிசையாகத்தான் மிச்சமிருக்கிறது. அந்த வரிசையும் பக்கத்துத் தார்ச்சாலையும் முன்னால் இருக்கும் சேறும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் விழுந்தால், கட்டம் எதையும் சொல்லாது. கணினி அதற்கு ஏதோ ஒரு நிறம் கொடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓதம். செயற்கைக்கோள் ஏற்றம் வற்றம் பார்த்து வருவதில்லை. தன் நேரத்துக்கு வருகிறது. ஒரு ஆண்டு படம் வற்றத்தில் எடுத்தது, அடுத்த ஆண்டு படம் ஏற்றத்தில் எடுத்தது என்றால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பவருக்கு ஒரே ஆண்டில் ஐந்நூறு மீட்டர் கரை கரைந்து போனது போலத் தெரியும். ஒன்றுமே கரைந்திருக்காது. மாறாக, உண்மையில் அரித்துக்கொண்டிருக்கும் கரை, ஏற்றத்தில் எடுத்த பழைய படத்தோடு வற்றத்தில் எடுத்த புதிய படத்தை ஒப்பிட்டால் வளர்வதுபோலக் காட்டும். ஒவ்வொரு படமும் எடுத்த மணிக்கு நீர்மட்டம் என்ன என்று ஓத அட்டவணையிலிருந்து எடுத்துக் குறித்தால்தான் ஒப்பிடவே முடியும். இதைச் செய்யாமல் போட்ட படங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றுகின்றன, இரண்டு தரப்பிலும். நமக்குச் சாதகமான படம் என்றாலும் ஓதம் பார்க்காததை அனுப்பாதீர்கள். ஒருமுறை பொய்யென்று காட்டிவிட்டால் அடுத்த முறை உண்மையையும் கேட்க மாட்டார்கள். வானத்திலிருந்து பரப்பு, தரையிலிருந்து உண்மை. இரண்டும் சேர வேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான வேண்டுகோள். நம் அமைப்புகள் சில, நல்ல மனத்தோடு, கரையில் பக்காவ் கன்று நடும் நிகழ்ச்சி வைக்கின்றன. பேனர், டி-சட்டை, படம். பினாங்கின் கரையோர மீனவர் நலச் சங்கமான பிஃப்வா 1990-களிலிருந்தே அலையாத்திக் காடுகளை மீட்டு வருகிறது. அவர்களுக்கு எங்கே எது நிற்கும் என்று தெரியும். நமக்குத் தெரியாது. வெறும் சேறாகத் தெரியும் இடத்தில், சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே நட்ட கன்று பெரும்பாலும் செத்துவிடும். தப்பிப் பிழைத்தால் இன்னும் மோசம்: பறவைகள் மேய்ந்த திறந்த சேற்றை, அல்லது கடற்புல் வளர்ந்த மணலை, மூடிவிடும். சேற்றுத்தரை என்பது காடு இல்லாத குறைபாடு அல்ல, அதுவே ஒரு வாழிடம். ஆகவே நடுவதற்கு முன் வரையுங்கள். வரைந்து பார்த்தபிறகு பல இடங்களில், நட வேண்டாம், வெட்டாமல் விட்டால் போதும் என்று தெரியவரும். கெர்னி டிரைவ் ஓரம் சேறு படிந்த இடத்தில் யாரும் நடாமலேயே அலையாத்தி முளைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது பிறகு என்ன ஆனது என்பதும் நினைவிருக்கும்.

நம்மிடம் மட்டுமே இருக்கும் ஒரு தரவு உண்டு. அதற்கு நாடாவும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். எழுபது, எண்பது வயது தாண்டிய தோட்டத்துப் பெரியவர்கள். கடல்நீர் தோட்டத்துக்குள் வராமல் தடுத்த மண்கரை எங்கே ஓடியது, எந்த வாய்க்காலில் நண்டு பிடித்தார்கள், எந்தக் காலத்தில் கெராங் சிப்பி பொறுக்கப் போனார்கள், எந்த ஆண்டிலிருந்து கிடைக்கவில்லை. பழைய நில வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் மேசைமேல் விரித்து, அந்த அம்மாக்களையும் ஐயாக்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். நான் பார்த்தவரை முதல் பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஒருவர் விரலை வைத்து இங்கேதான் எங்கள் லயம் என்பார். அதன்பின் நிறுத்த முடியாது. ஒருவர் சொன்ன இடத்தை இன்னொருவர் மறுப்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னது, எந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னது என்பதோடு. ஜூரு ஆறு தொழிற்சாலைக் கழிவால் கெட்டதையும், கோலா ஜூரு மீனவர்கள் கெராங் வளர்ப்புக்கு மாறிப் பிழைத்ததையும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் நாம் அதைப் பேச முடிகிறது. எழுதாமல் விட்ட கரைகள் எத்தனையோ. இந்த வேலைக்கு மட்டும் காத்திருக்க நேரம் இல்லை.

அளந்ததை என்ன செய்வது? பூட்டி வைக்காதீர்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி ஒரே வரைபடமாக்கலாம். கணினி படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். பறவை எண்ணிக்கையை மலேசிய இயற்கைச் சங்கத்தின் பினாங்குக் கிளையோடு சேர்ந்து செய்யுங்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது. அதில் நம் ஆட்கள் நிற்கட்டும். புல்லின் பெயரில் சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போது, உங்கள் அமைப்பின் முத்திரையோடு, தேதியும் ஓத நேரமும் படமும் இணைத்து, மாநகர் மன்றத்துக்குக் கருத்து மடல் கொடுங்கள். சுற்றுச்சூழல் உணர்வு மிகுந்த பகுதி என்று திட்டங்களில் ஒரு வகைப்பாடு இருக்கிறது; உங்கள் துண்டு அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். வடிகால், நீர்ப்பாசன இலாகா தயாரிக்கும் கரையோர மேலாண்மைத் திட்டங்களின் முதல் கவலை அரிப்பு. அதே கோட்டின்மேல் வாழிடத்தையும் ஏற்றி, மாநிலம் முழுவதற்கும் ஒரே வரைபடமாக, எவரும் திறந்து பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே மாநில அரசிடம் நாம் சேர்ந்து வைக்க வேண்டிய கோரிக்கை. அப்படி வெளியிடும்போது அரிய உயிரினங்கள் முட்டையிடும் இடத்தை மட்டும் துல்லியமாகக் காட்டாமல் மறைக்க வேண்டும். திருடர்களும் வரைபடம் படிப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. சேற்றில் தனியாக யாரும் இறங்கக் கூடாது. ஓதம் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் மணி நேரம் மெதுவாக ஏறி ஏமாற்றும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். தட்டையான தரையில் அது பின்னாலிருந்து வாய்க்கால் வழியாகச் சுற்றி வளைக்கும். ஆகவே அடிவற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள், அடிவற்றம் வந்ததும் திரும்ப நடக்கத் தொடங்குங்கள், வேலை மிச்சமிருந்தாலும். பிள்ளைகளை மணல் கலந்த உறுதியான கரைக்கு மட்டும் அழைத்துப் போங்கள். மிடில் பேங்க் போன்ற இடம் படகும் பழகிய படகோட்டியும் உள்ள பெரியவர்களுக்கு. வனக் காப்பகத்துக்குள் கால் வைக்க வன இலாகாவின் அனுமதி வேண்டும். அந்தக் கரையில் மீன் பிடிப்பவர்களிடம் முன்னதாகவே போய்ப் பேசிவிடுங்கள். அவர்கள் இடம் அது. நாடாவைக் கண்டால் நிலம் போகப் போகிறது என்று பயப்படுவார்கள், பயப்படக் காரணமும் இருக்கிறது.

மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றைவிட அதிகமாக ஆலயங்களும் சங்கங்களும் இருக்கின்றன. எல்லாரும் வர வேண்டியதில்லை. தெலுக் பாஹாங், ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ், பெனாகா, பட்டர்வொர்த், ஜூரு, பத்து காவான், நிபோங் திபால், இந்த எட்டு இடங்களில் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தாலே பெரிய தொடக்கம். யார் எந்தத் துண்டு என்பதை நாமே உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.

முதல் அளவைக்கு நாள் குறிக்க நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த இரண்டு மூன்று நாட்களில் கடல் நன்றாக வற்றும். அதில் பகல் வெளிச்சத்தில் அடிவற்றம் விழும் நாள் எது என்று ஓத அட்டவணையில் பார்த்து, அதைச் செயலவைக் கூட்டத்தில் வைத்து எழுதிவிடுங்கள். அளவுநாடா, சட்டம், படிவம், பென்சில், குடிநீர், தொப்பி, காலோடு இறுகக் கட்டிய பழைய காலணி. செருப்பு வேண்டாம், சேறு இழுத்துக்கொள்ளும். நாடா பிடிக்கவும் படிவம் நிரப்பவும் சொல்லித் தர நானும் என்னோடு வேலை செய்த சிலரும் எந்த ஊருக்கும் வருகிறோம்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வு பெற்ற நில அளவைப் பணியாளர் ஒருவர்